கடல் நடுவே ஒரு பூங்கா



பூங்கா என்றதும் உங்கள் மனக்கண்முன் தோன்றுவது எது? சுற்றிலும் ஒரு வேலி. முன்புறம் ஒரு வாயில். வாயிலில் ஒரு காவலர். உள்ளே வரிசை வரிசையாகப் பூஞ்செடிகள். நடுவே ஒரு நீரூற்று. இவைதாமே தோன்றும்? இன்று நான் உங்களுக்குச் சொல்ல வந்த பூங்காவிற்கு வேலியும் இல்லை, வாயிலும் இல்லை. அங்கே பேருந்து போகாது, புகைவண்டியும் போகாது. படகு ஒன்றே வழி. அப்பூங்காவின் மலர்கள் மண்ணில் வேரூன்றிய மலர்கள் அல்ல. உப்பு நீருக்குள் மலர்ந்து, இரவிலே இரை தேடி, சுண்ணாம்பினால் வீடு கட்டிக்கொள்ளும் உயிர்கள். மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவும், அதன் ஒரு பகுதியாகிய குருசடைத் தீவுமே இன்றைய பேச்சின் பொருள்.

இத்தீவிற்கு நான் இருமுறை சென்றிருக்கிறேன். முதன்முறை சென்றது 1981-ஆம் ஆண்டில், கல்லூரியில் விலங்கியல் பயிலும் மாணவனாக. இரண்டாம் முறை சென்றது 2023-ஆம் ஆண்டில், தலைமையாசிரியப் பணியினின்று ஓய்வு பெற்ற பிறகு. இவ்விரு பயணங்களுக்கும் இடையே நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. முதற்பயணத்தில் ஒரு தவறு செய்தேன். அது தவறு என்பதை உணர எனக்கு நெடுங்காலம் ஆயிற்று. அதனையும் மறையாது உங்களிடம் சொல்லப்போகிறேன். ஏனெனில், ஆசிரியன் தன் தவறுகளையும் மாணவர்க்குப் பாடமாக வைத்தல் வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் இடத்தை அறிந்துகொள்வோம். தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரையிலும் கரையை ஒட்டினாற்போல் 21 சிறு தீவுகள் ஒரு மாலையாகக் கோத்து வைத்தவைபோல் அமைந்திருந்தன. இவற்றை நான்கு கூட்டங்களாகப் பிரித்துக் கூறுவது வழக்கம்: தூத்துக்குடிக் கூட்டம், வேம்பார்க் கூட்டம், கீழக்கரைக் கூட்டம், மண்டபக் கூட்டம் என்பன அவை. மண்டபக் கூட்டத்தில் சிங்கில், குருசடை, புல்லிவாசல், பூமரிச்சான், மணோலி, மணோலிப்புட்டி, முயல் தீவு என ஏழு தீவுகள் உள்ளன. ‘அமைந்திருந்தன’ என்று நான் இறந்தகாலத்தில் கூறியதைக் கூர்ந்து கேட்டவர்கள் கவனித்திருப்பீர்கள். அதற்குக் காரணம் உண்டு, பின்னர்ச் சொல்கிறேன்.

இத்தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் சேர்த்து, ஏறத்தாழ 560 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு 1986-ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989-இல் இப்பகுதியும் அதனைச் சுற்றிய கடலும் கரையுமாக 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. இக்கடலில் 3,600-க்கும் மேற்பட்ட உயிரினங்களும் தாவரங்களும் வாழ்வதாக அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். பவள வகைகள் மட்டும் 100-க்கும் மேல்.

இனி, படகுப் பயணத்திற்கு வருவோம். பாம்பன் தீவின் தென்கரையில் குந்துகால் என்னும் இடம் இருக்கிறது. மேலைநாடுகளில் சொற்பொழிவாற்றித் தாயகம் திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அடியெடுத்து வைத்த இடம் அது. அக்கரையில் நின்று தெற்கே நோக்கினால், நீலக் கடலின்மீது பச்சைக் கோடு இழுத்தாற்போல் குருசடைத் தீவு தெரியும். கண்ணுக்கு அண்மையில்தான் இருக்கிறது. எனினும், நினைத்தபோதெல்லாம் போய்விட இயலாது. காற்று இசைய வேண்டும். கடல் இசைய வேண்டும். வனத்துறையின் அனுமதியும் வேண்டும்.

காற்று இசைவது எவ்வாறு? பாம்பனுக்கு வடக்கே இருப்பது பாக் நீரிணைப் பகுதி. தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. அப்பகுதி மீனவர் இவற்றை வடகடல், தென்கடல் என்பர். ஒரு சிறு நிலத்துண்டின் இருபுறமும் இருக்கும் இவ்விரு கடல்களும் குணத்தால் வேறானவை. வாடைக் காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகடல் கொந்தளிக்கும். தென்கடல் ஓரளவு அடங்கியிருக்கும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி, ஆவணியில் தென்கடல் சீறும், வடகடல் தணிந்திருக்கும். ஆதலின், படகுகளைப் பருவத்திற்கேற்ப ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கொண்டுபோய்த் தொழில் செய்வது அவ்வூர் வழக்கம். பள்ளியில் பருவக்காற்று என்னும் பாடத்தை நாம் வரைபடத்தில் அம்புக்குறி இட்டுப் படிக்கிறோம். அம்மீனவர்களோ அதனைத் தங்கள் வயிற்றுப்பாட்டோடு சேர்த்துப் படிக்கின்றனர். தென்கடல் தெளிந்து, அடித்தரை தெரியும்படி இருப்பது மாசி, பங்குனி மாதங்களில். நான் இருமுறையும் பங்குனியில்தான் சென்றேன்.

1981-இல் பாம்பனுக்குச் சாலைப் பாலம் இல்லை. அது 1988-இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே, 1914-ஆம் ஆண்டு முதல் இயங்கி வந்த பழைய இரயில் பாலத்தின்மீது, இருபுறமும் கடல் தளும்ப, மெல்ல ஊர்ந்து சென்ற புகைவண்டியில் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். மறுநாட் காலை ஒரு வள்ளத்தில் இருபது மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் ஏறினோம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கண்ணாடிப் புட்டி. ஒரு பைக்குள் உளியும் சுத்தியலும். விலங்கியல் மாணவர் குருசடைக்குச் செல்வது அக்காலத்தில் ஒரு சடங்கு போலவே இருந்தது. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இராமேசுவரம் கடற்பகுதியின் உயிரினங்களை ஆராய்ந்து எழுதினார். பின்னாளில் அப்பொறுப்பை ஏற்ற கிரேவ்லி என்பவரும் அவருடைய துணைவர்களும் குருசடைத் தீவின் கரையோர உயிர்களைத் தொகுத்து, 1927-ஆம் ஆண்டில் அருங்காட்சியகத்தின் வெளியீடாகக் கொணர்ந்தனர். மீன்வளத் துறையினர் தீவிலேயே ஓர் ஆய்வுக்கூடமும் அமைத்தனர். 1947-இல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் பின்னர் அருகிலுள்ள மண்டபத்திற்கு வந்தது. இவ்வாறு, உயிரியலாருக்கு இத்தீவு ஒரு திருத்தலம் ஆயிற்று.

அப்படி என்ன சிறப்பு இங்கே? சொல்கிறேன். தீவு மிகச் சிறியது. ஏறக்குறைய 65 எக்டேர் பரப்புத்தான். இத்துணைச் சிறிய இடத்திற்குள் மூன்று விதக் கரைகள் அடங்கியிருக்கின்றன. ஒருபுறம் மணற்கரை, ஒருபுறம் பவளக்கல் சிதறிக் கிடக்கும் கரடுமுரடான கரை, மற்றொருபுறம் கண்டல் மரங்கள் வேர் ஊன்றி நிற்கும் சேற்றுக்கரை. மணலிலே வாழும் உயிர் கல்லிலே வாழாது. கல்லிலே வாழ்வது சேற்றை விரும்பாது. மூவகை வாழிடங்களும் அருகருகே அமைந்தமையால் மூவகை உயிர்க்கூட்டங்களும் அருகருகே அமைந்துவிட்டன. ஒரு நாட் காலைப்பொழுதிற்குள் ஒரு பெரிய நூலகத்தைப் புரட்டிப் பார்த்தாற்போன்ற பயன் இங்கே கிடைக்கும்.

மணற்கரையில் நாங்கள் முதலில் தேடியது பலனோகுளோசஸ் இனத்தைச் சேர்ந்த ஒரு புழுவை. கல்லூரி மாணவர்கள் அரைநாணிகள் என்னும் பிரிவைப் படித்திருப்பீர்கள். முதுகெலும்பு அற்ற உயிர்களுக்கும் உடைய உயிர்களுக்கும் இடையே உறவுப்பாலம் போல் நிற்கும் அப்பிரிவின் உயிர் இது. மணலுக்குள் வளை தோண்டி வாழும். தான் உண்டு கழித்த மணலைச் சுருள்சுருளாக வளையின் வாயில் தள்ளியிருக்கும். அச்சுருளே அதன் முகவரி. கையில் எடுத்தால் மருத்துவமனையில் வீசும் அயோடோபார்ம் போன்ற ஒரு நெடி வீசும். எலும்பு இல்லை, கண் இல்லை, அழகும் இல்லை. எனினும், ‘உன் குலத்திற்கும் என் குலத்திற்கும் தொலைதூர உறவு உண்டு’ என்று அது நம்மிடம் கூறுவது போல் எனக்குத் தோன்றிற்று.

பிறகு பவளக்கரைக்கு வந்தோம். வேலியிறக்க நேரம் அது. இங்கே கடல் ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆயினும், ஆழமில்லாத கரையாதலின், அந்தச் சிறு இறக்கமே நெடுந்தொலைவு வரை பாறைத்தளத்தை வெளிக்கொணர்ந்துவிடுகிறது. முழங்கால் நீரில் நின்றுகொண்டு கீழே பார்த்தேன். தவிட்டு நிறத்திலும் இளம் பச்சையிலும் ஊதாவிலும் உருண்டை உருண்டையாகவும், மான்கொம்பு போல் கிளைத்தும், இலை போல் விரிந்தும் எத்தனை வடிவங்கள்! இடையிடையே மஞ்சளும் நீலமுமாகச் சிறு மீன்கள். ஒரு பிளவிற்குள் முட்களை ஆட்டிக்கொண்டு ஒரு கடல்முள்ளி. நாங்கள் வியந்து நின்றோம். வியந்து முடித்ததும் பையைத் திறந்து உளியை எடுத்தோம். தேங்காய் அளவுள்ள ஓர் உருண்டைப் பவளத்தை நான் பெயர்த்தெடுத்தேன். இரண்டே அடிதான், ஒரு நிமிட வேலை. கரையில் வைத்ததும் அது கொழகொழவென ஒரு நீரைக் கசிந்தது, மாலைக்குள் நாற்றமெடுத்தது. ஊருக்கு வந்து கழுவி வெயிலில் காயவைத்தேன். வெள்ளை வெளேரென்று ஆயிற்று.

அப்போது அப்படி எடுப்பதைத் தடுக்கும் சட்டம் இல்லை. நான் ஆசிரியர் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்தபோது அந்தப் பவளத்தை உடன் கொண்டுசென்றேன். நான் பணியாற்றிய பள்ளிகளின் அறிவியல் அலமாரியில் அது முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. ஆண்டுதோறும் குழியுடலிகள் பாடம் வரும்போது அதனைக் கையில் உயர்த்திப் பிடித்து, ‘இதுதான் பவளம்’ என்று கூறுவேன். ஒருநாள், எட்டாம் வகுப்பில் கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, “ஐயா, இது உயிரோடு இருந்தபோது என்ன நிறம்?” என்று கேட்டாள். எனக்கு விடை வரவில்லை. முப்பது ஆண்டுகளாக நான் எலும்புக்கூட்டைக் காட்டி, ‘இதுதான் உயிர்’ என்று பாடம் நடத்தியிருக்கிறேன் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

ஆகவே, பவளம் என்பது என்ன என்று இப்பொழுதேனும் செம்மையாகச் சொல்லிவிடுகிறேன். நவமணிகளுள் ஒன்றாகிய செம்பவளம் வேறு. அது மத்தியதரைக் கடல் முதலிய இடங்களிலிருந்து வருவது. பாறை கட்டும் பவளம் வேறு. இதனைக் கட்டுவது, சில மில்லிமீட்டர் அளவே உள்ள ஒரு மெல்லிய உயிர். குழல் போன்ற உடல். மேலே ஒரு வாய். வாயைச் சுற்றி விரல்கள் போல் உணர்கொம்புகள். பகலில் பெரும்பாலும் சுருங்கிக் கிடக்கும். இரவில் கொம்புகளை விரித்து, நீரில் மிதந்துவரும் நுண்ணுயிர்களைப் பிடித்துண்ணும். கடல்நீரில் கரைந்துள்ள பொருள்களைக் கொண்டு தன் அடியில் சுண்ணாம்புக் கிண்ணம் ஒன்றைக் கட்டிக்கொள்ளும். ஒன்று பலவாகப் பெருகும். ஆயிரக்கணக்கான உயிர்கள் ஒரே குடும்பமாக ஒட்டி வாழும். அவை கட்டிய கிண்ணங்களின் தொகுதியே நாம் பாறை என்று கூறுவது.

இவ்வுயிரின் உடலுக்குள் ஒரு விருந்தாளி குடியிருக்கிறது. அது நுண்ணிய பாசி. சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, அதில் பெரும்பங்கைத் தனக்கு இடம் கொடுத்த பவளத்திற்கு அளிப்பது அது. பவளமோ அப்பாசிக்குத் தங்குமிடமும், தான் கழிக்கும் பொருள்களிலிருந்து உரமும் தருகிறது. பவளத்தின் தவிட்டு நிறமும் பச்சையும் பெரும்பாலும் இந்தப் பாசியால் வருவனவே. ஆகவேதான் பவளப்பாறைகள் ஒளி புகும் தெளிந்த, ஆழமில்லாத நீரில் மட்டுமே செழிக்கின்றன. அந்த மாணவியின் கேள்விக்கு விடை இதுதான்: உயிரோடு இருந்தபோது அதன் நிறம், அது வளர்த்த நட்பின் நிறம்.

வளர்ச்சியோ மிக மெதுவானது. மான்கொம்பு போன்ற கிளைப் பவளம் ஆண்டிற்குச் சில சென்டிமீட்டரும், ஏற்ற சூழலில் 10 சென்டிமீட்டர் வரையிலும் வளரும். உருண்டைப் பவளமோ ஆண்டிற்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். அதனினும் குறைவாக வளர்வனவும் உண்டு. நான் பெயர்த்த தேங்காய் அளவுப் பவளம் பத்தாண்டுகளுக்குக் குறையாமல் உழைத்துக் கட்டியது. பத்தாண்டு உழைப்பு, ஒரு நிமிட உளி. கணக்குப் பாடத்தில் இதனைவிடக் கொடிய வகுத்தலை நான் கண்டதில்லை.

நான் எடுத்தது ஒரு துண்டு. ஆனால், பல பத்தாண்டுகளாக இவ்வளைகுடாவில் பவளக்கற்கள் படகு படகாக வெட்டி எடுக்கப்பட்டன. சுண்ணாம்புக் காளவாய்களுக்கும், கட்டடம் கட்டுவதற்கும், தொழிற்சாலைகளில் மூலப்பொருளாகவும் அவை பயன்பட்டன. அதனால் என்ன நேர்ந்தது என்பதைக் கேளுங்கள்.

தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறை ஒரு மதில் போன்றது. ஆழ்கடலிலிருந்து வரும் அலை அம்மதிலில் மோதி, வேகம் தணிந்து, பிறகே கரையைத் தொடுகிறது. தீவும் பெரும்பாலும் அப்பாறைகளின் நொறுங்கல்களாலும் மணலாலும் உருவானதே. மதிலை இடித்தால் அலை நேரே வந்து மணலை அரிக்கும்; அரிக்கப்பட்ட மணலுக்கு ஈடாகப் புது மணலைத் தரவும் பாறை இராது. தூத்துக்குடிக் கூட்டத்தில் இருந்த விலங்குசல்லி என்னும் தீவும், கீழக்கரைக் கூட்டத்தில் இருந்த பூவரசன்பட்டி என்னும் தீவும் இவ்வாறே அரிக்கப்பட்டுக் கடலுக்குள் மூழ்கிவிட்டன. இருபத்தொரு தீவுகள் ‘அமைந்திருந்தன’ என்று நான் கூறியதன் காரணம் இதுவே. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவும் பெரும்பகுதி கரைந்துபோயிற்று. அதனைக் காக்க 2015-ஆம் ஆண்டு முதல் கடலடியில் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன. பவள உயிர்கள் கூலியின்றிக் கட்டித் தந்த மதிலை இடித்துவிட்டு, பொருள் செலவிட்டுச் சிமெண்டு மதில் கட்டும் நிலைக்கு நாம் வந்தோம்.

2001-ஆம் ஆண்டில் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள காப்பு இன்று அந்த மில்லிமீட்டர் உயிருக்கும் உண்டு. கடல் அட்டைக்கும் கடற்குதிரைக்கும் அதே ஆண்டில் சட்டத்தின் காப்புக் கிடைத்தது.

இனி, இரண்டாம் பயணம். 2023-ஆம் ஆண்டு பங்குனியில், முறையாக அனுமதி பெற்று, சில ஆசிரியர்களோடு சென்றேன். இம்முறை கையில் உளி இல்லை. ஒரு குறிப்பேடு மட்டுமே. படகோட்டியவர் ஏறத்தாழ என் வயதினர். நான் ஆசிரியனாக இருந்தவன் என்று அறிந்ததும், “வாத்தியாரய்யா, இந்தப் பக்கம் வந்து உட்காருங்க, வெயில் படாது” என்று இடம் ஒதுக்கித் தந்தார். வழியில் அவர் சொன்னவை என் பாடநூல்களில் இல்லாதவை.

தீவை அணுகும்போது அவர் இயந்திரத்தை நிறுத்தினார். கீழே கடற்புல் வெளி. வயல் போல் நீருக்குள் அசைந்துகொண்டிருந்தது. “ஆவுளியா மேயுற இடமய்யா இது. மோட்டாரை ஓட்டினால் புல் அறுபடும்” என்றார். ஆவுளியா என்பது கடற்பசு. பசுவைப் போலவே புல் மேய்வது, மூச்சு விட நீரின் மேற்பரப்பிற்கு வருவது, கன்றுக்குப் பாலூட்டுவது. ஒரு காலத்தில் உணவிற்காக வேட்டையாடப்பட்டுக் குறைந்துபோயிற்று. அதனைக் காக்கும் பொருட்டு, வடகடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022-ஆம் ஆண்டில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் முதலாவது அது.

பவளக்கரையில் குனிந்து பார்த்தபோது என் நெஞ்சம் கனத்தது. உயிருள்ள பவளங்கள் இருந்தன; அதில் ஐயமில்லை. ஆனால், இடையிடையே இறந்து பாசி மூடிய திட்டுகளும் இருந்தன. கடல்நீர் வழக்கத்தை மீறிச் சூடேறும்போது பவளத்திற்குள் வாழும் பாசி வெளியேற்றப்படுகிறது. நிறம் போய்ப் பவளம் வெளுக்கிறது. சூடு விரைவில் தணிந்தால் பாசி மீண்டும் குடிபுகும். தணியாவிட்டால் பவளம் பட்டினியால் மடியும். இவ்வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அத்தகைய பெரு வெளுப்பு நேர்ந்தது. உளியை நாம் சட்டத்தால் நிறுத்திவிட்டோம். ஆனால், உலகெங்கும் நாம் எரிக்கும் எரிபொருளால் ஏறும் வெப்பத்திற்குப் படகும் வேண்டா, அனுமதிச் சீட்டும் வேண்டா; அது நேரே தீவிற்குள் நுழைந்துவிடுகிறது.

இன்னொரு துன்பமும் உண்டு. பிலிப்பைன்சுப் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் என்னும் கடற்பாசி, மிதவைகளில் கட்டி இக்கரையில் வளர்க்கப்பட்டு வந்தது. உணவுத் தொழிலுக்கு வேண்டிய கூழ்ப்பொருள் அதிலிருந்து கிடைக்கிறது. வருவாய் இல்லாத பல குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அது பிழைப்பும் ஆயிற்று. ஆனால், 2008-ஆம் ஆண்டளவில் அப்பாசி குருசடையில் உயிருள்ள பவளங்களின்மீது படர்ந்து அவற்றை மூடுவது கண்டறியப்பட்டது. வயிற்றுக்குச் சோறு தரும் பாசியே பவளத்திற்குக் கேடு. இத்தகைய இடத்தில் யாரைக் குறை கூறுவது? நன்மையும் நன்மையும் மோதும் வழக்குகளே தீர்ப்பதற்கு அரியவை என்பதை இத்தீவு எனக்குக் கற்பித்தது.

படகோட்டியிடம், “முன்பெல்லாம் கல் எடுத்தார்களே, உங்களுக்கு நினைவிருக்கிறதா?” என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “எங்க அப்பாவும் கல்லுத்தான் எடுத்தாரய்யா. அந்தக் கூலியிலேதான் நான் வளர்ந்தேன். கல்லை எடுத்தால் மீன் போயிடும்னு அப்போ யாரும் எங்களுக்குச் சொல்லலே. இப்போ எல்லாரும் வந்து சொல்றாங்க” என்றார். அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. ஆனால், நான் தலை குனிந்தேன். சொல்லியிருக்க வேண்டிய கூட்டம் ஆசிரியர் கூட்டமன்றோ? நாங்கள் அன்று உளியோடு வந்தோம். புட்டிகளை நிரப்பிக்கொண்டு போனோம். கரையில் நின்ற சிறுவர்களிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கடற்கரை மக்களைப் பாடம் கேட்க வேண்டியவர்கள் என்று மட்டுமே எண்ணிவிடாதீர்கள். அவர்களிடமிருந்து நாம் கேட்க வேண்டிய பாடமும் உண்டு. பாம்பனை அடுத்த சின்னப்பாலம் என்னும் ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலில் மூழ்கி இயற்கைப் பாசி சேகரிப்பவர்கள். அவர்கள் தாங்களாகவே கூடி, மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது என்று ஒரு கட்டுப்பாடு வகுத்துக்கொண்டனர். எஞ்சிய நாட்கள் பாசி வளர்வதற்கு. அவர்களுள் ஒருவருக்கு 2015-ஆம் ஆண்டில், தீவுகளின் இயற்கையைக் காப்போருக்கு அளிக்கப்படும் பன்னாட்டுப் பரிசு ஒன்று கிடைத்தது. ஒன்றைப் பயன்படுத்துபவரே அதனைக் காப்பவராகவும் ஆகும்போதுதான் காவல் நிலைபெறும் என்பதற்கு இது சான்று.

மாணவர்களே, உங்களுள் சிலர் கல்லூரிச் சுற்றுலாவாகவோ பெற்றோருடனோ இத்தகைய தீவுக்குச் செல்லும் வாய்ப்பைப் பெறுவீர்கள். அதற்கு என்னால் இயன்ற சில அறிவுரைகள். முதலாவது, வனத்துறையின் அனுமதியின்றி எந்தப் படகிலும் ஏறாதீர்கள். கடல் கொந்தளிக்கிறது என்று படகோட்டி சொன்னால் அச்சொல்லுக்கு மறுசொல் இல்லை. உயிர்காப்பு மிதவையைக் கரையிலேயே அணிந்துகொள்ளுங்கள். குடிநீரையும் உணவையும் உடன் கொண்டுசெல்லுங்கள். கொண்டுசென்ற காகிதமும் நெகிழிப் பையும் உங்களோடு திரும்பி வரட்டும். பவளத்தின்மீது கால் வைக்காதீர்கள். மிதித்த இடத்தில் உயிர் நசுங்கும், உங்கள் காலும் கிழியும். இறந்து ஒதுங்கிய சிப்பியாயினும் சங்காயினும் எடுக்காதீர்கள். அச்சங்கிற்குள் ஒரு முனிவன் நண்டு குடியேறக் காத்திருக்கும். கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். கண்டதை அன்று மாலையே எழுதிவிடுங்கள். புட்டியில் அடைத்த உயிர் நிறம் இழக்கும். குறிப்பில் எழுதிய நிறம் நெடுநாள் இருக்கும்.

அந்தப் பவளம் இன்று எங்கே என்று நீங்கள் கேட்கலாம். நான் கடைசியாகப் பணியாற்றிய பள்ளியின் அலமாரியில்தான் இருக்கிறது. கடலில் திரும்பப் போட்டால் அது உயிர் பெறப்போவதில்லை. ஆகவே, ஓய்வு பெற்ற பின்னும் ஒருநாள் அங்குச் சென்று, அதன் அடியில் இருந்த பழைய சீட்டை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதி வைத்தேன். பழைய சீட்டில் ‘பவளம்’ என்று மட்டும் இருந்தது. புதிய சீட்டில் இவ்வாறு எழுதினேன்: ‘பவளத்தின் எலும்புக்கூடு. குருசடைத் தீவு, 1981. உயிரோடு இருந்தபோது இளம்பச்சை நிறம். ஒரு மாணவனால் பெயர்க்கப்பட்டது. அவன் பின்னர் வருந்தினான்.’

கேள்வி கேட்ட அந்த மாணவி இப்போது எங்கிருக்கிறாளோ அறியேன். அவளுக்கு நான் தர வேண்டிய விடையைக் காலந்தாழ்த்தியேனும் இன்று உங்கள் எல்லோருக்கும் தந்துவிட்டேன்.